ளரூரத்: சொல்லும் பொருளும்

"ஆண் டாக்டரிடம் பெண் காட்டலாமா ஹஜ்ரத்?" என்று மார்க்க அறிஞரிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "ளரூரத் இருந்தால் கூடும்." அதாவது, தவிர்க்க முடியாத தேவை இருந்தால் மார்க்கம் அனுமதிக்கும். கேட்டவரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார். எது ளரூரத், எவ்வளவு முற்றினால் ளரூரத் என்று அவருக்கும் தெரியாது, வீட்டில் வலியோடு இருக்கிற பெண்ணுக்கும் தெரியாது. உயிர் போகிற நிலைக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, மார்பில் தட்டுப்பட்ட கட்டியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிற பெண்கள் மதுரைப் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் எழுத்து. தமிழ் இலக்கணப்படி ளகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஆனால் அரபியின் 'ளாத்' எழுத்தை ளகரத்தால் எழுதுவது தமிழ் முஸ்லிம்களின் பழைய வழக்கம். ரமளான், ஹளரத், ளரூரத் மூன்றிலும் இருப்பது அந்த ஒரே எழுத்துதான். இதையே பாரசீகமும் உருதுவும் வேறு மாதிரி ஒலித்தன. அந்த வழியாக வந்தபோது ரமளான் ரம்ஜான் ஆனது, ஹளரத் ஹஜ்ரத் ஆனார், ளரூர் என்பது ஜரூர் ஆனது.

ஆமாம், சித்திரை மாதம் பிறக்குமுன் "அழகர் ஆற்றில் இறங்கும் விழா ஏற்பாடுகள் ஜரூர்" என்று பேப்பரில் போடுகிறார்களே, அதே ஜரூர்தான். உருதுவில் அதற்கு 'அவசியம்', 'கண்டிப்பாக' என்று பொருள். தமிழுக்கு வந்தபின் அவசியம் என்ற பொருள் தேய்ந்து, வேகம், மும்முரம் என்ற பொருள் தங்கிவிட்டது. இப்படி ஒரே வேரிலிருந்து வந்த சொல் ஒன்று பள்ளிவாசலிலும் இன்னொன்று பத்திரிகைத் தலைப்பிலும் புழங்குகிறது.

அந்த வேர் 'ளர்ர'. 'ளரர்' என்றால் கேடு, தீங்கு. செய்யாமல் விட்டால் கேடு வந்து சேரும் என்கிற நிலைதான் ளரூரத். தேவை என்ற பொருளை விட, விட்டால் என்ன கெடும் என்ற கேள்விதான் இந்தச் சொல்லின் அடியில் இருக்கிறது. குர்ஆனில் தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி ஆகியவற்றை விலக்கும் 2:173ஆம் வசனம், வேறு வழியற்றுப் போனவர் மீது குற்றமில்லை என்கிறது. அங்கே வருவது இந்த வேரிலிருந்து பிறந்த வினைச்சொல். 27:62இல் அதே வேரிலிருந்து 'முள்தர்' வருகிறது: துன்பத்தில் சிக்கித் தவித்து இறைவனை அழைப்பவர்.

தமிழில் இதற்கு 'நிர்ப்பந்தம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. "வீட்டில் நிர்ப்பந்தித்துக் கட்டி வைத்தார்கள்", "மேலிடத்து நிர்ப்பந்தம்" என்று சொல்கிறோம். யாரோ ஒருவர் வற்புறுத்துவதுதான் தமிழ்க் காதில் நிர்ப்பந்தம். நோயாளியை யாரும் வற்புறுத்தவில்லை, நோய் வந்திருக்கிறது. 'அவசரம்' அதைவிடத் தவறு. மார்புக் கட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் காட்டாமல் விட்டால் கேடு வரும், அதனால் அது ளரூரத். 'இன்றியமையாமை' பொருளுக்குப் பொருந்துகிறது, பேச்சில்தான் ஒட்டாது. நான் எழுதும்போது 'தவிர்க்க முடியாத தேவை' என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் கேட்கிறவருக்கு உடனே விளங்கும்.

ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டத்தில் இந்தச் சொல் தனியாக வருவதில்லை, ஜோடியாக வரும். துருக்கியை ஆண்ட உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டத்தொகுப்பில் 21ஆம் விதி, தவிர்க்க முடியாத தேவை தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்கிறது. அடுத்த விதியே, அந்தத் தேவை அதன் அளவுக்குத்தான் என்கிறது. நம் ஊரில் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும், இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. மருத்துவத்துக்கோ அந்த 'அளவு'தான் உயிர். மதுரை வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) முக்கிய நூல் 'ஹிதாயா'. நோய் இருக்கும் இடத்தை மருத்துவர் பார்க்கலாம் என்று அது அனுமதிக்கிறது. முடிந்தால் அந்தச் சிகிச்சையை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துச் செய்ய வைக்க வேண்டும், பெண்ணைப் பெண் பார்ப்பது இலேசு என்கிறது. அதற்கு வழியில்லை என்றால் நோயுள்ள இடம் தவிர மற்றதை மூடிவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து ஷாஃபி மத்ஹபிலும் இதே பேச்சுதான். இரத்தம் குத்தி எடுப்பது, சிகிச்சை ஆகியவற்றுக்காகப் பார்ப்பதும் தொடுவதும் கூடும் என்று இமாம் நவவி 'மின்ஹாஜ்' நூலில் எழுதியிருக்கிறார்.

இந்த 'அளவு' எப்படி இருக்கும் என்பதைக் கோரிப்பாளையத்தில் ஓர் இசிஜி அறையில் பார்த்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான அம்மா, கூட மகன். இசிஜி எடுக்கிறவர் ஆண். கை கால்களில் நான்கு கிளிப், மார்பில் ஆறு குமிழ் வைக்க வேண்டும், அதில் சில இடது மார்புக்குக் கீழே வரும். அந்த அம்மா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "நர்ஸுப் புள்ள இருந்தா கூப்பிடுத்தா" என்றார். இசிஜிக்காரரே போய் நர்ஸை அழைத்து வந்தார். திரையை இழுத்துவிட்டு, தலைப்புக்கு அடியில் கையை விட்டு நர்ஸ் குமிழ்களை வைக்க, இவர் திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடி இடங்களைச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அன்று நர்ஸ் இல்லாமல் போயிருந்தால்? மகன் உடன் நிற்க, அவரே துணிக்கு அடியில் வைத்திருக்கலாம். மார்க்கம் அதற்கும் இடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது. எடுக்காமல் வீட்டுக்குத் திரும்புவதைத்தான் அது கேட்கவில்லை.

ளரூரத்துக்கு ஒரு படி கீழே 'ஹாஜத்' என்று ஒரு சொல் உண்டு. கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகிறவர்களிடம் கேட்டால், ஹாஜத் என்றால் நேர்ந்துகொண்ட வேண்டுதல் என்பார்கள். சட்டத்தில் அது சாதாரணத் தேவை: நிறைவேறாவிட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வாழ்க்கை சிரமப்படும். ஹாஜத்தும் சில இடங்களில் ளரூரத்தின் இடத்தைப் பெறும் என்பது மஜல்லாவின் 32ஆம் விதி. மருத்துவம் அப்படிப்பட்ட இடம். உயிருக்கு ஆபத்து வந்தால்தான் காட்ட வேண்டும் என்றில்லை. தீராத வெள்ளைப்படுதல், குழந்தையின்மை, இருமினாலே சிறுநீர் கசிவது, எல்லாமே காட்ட வேண்டியவைதான். இதைப் பெண்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்கு இருக்கிறது.

சரி, யாரிடம் முதலில் போவது? இதற்கு 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஒரு வரிசை சொன்னது. தகுதியுள்ள முஸ்லிம் பெண் மருத்துவர், அவர் இல்லையென்றால் நம்பகமான பிற சமயப் பெண் மருத்துவர், பிறகு முஸ்லிம் ஆண், கடைசியாகப் பிற சமய ஆண். ஆண் பார்க்கும்போது கணவரோ, மஹ்ரமோ, நம்பகமான ஒரு பெண்ணோ உடன் இருக்க வேண்டும். மஹ்ரம் என்றால் மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவு: அத்தா (தந்தை), அண்ணன், தம்பி, மகன் போன்றவர்கள். நர்ஸ் உடன் நின்றால் இந்த நிபந்தனை நிறைவேறிவிடும். பெண்கள் மருத்துவம் படிக்க வேண்டும், அதிலும் மகப்பேறு மருத்துவத்துக்கு வர வேண்டும் என்றும் அதே தீர்மானம் கேட்டுக்கொண்டது. நல்ல மார்க்கு எடுத்த பெண் பிள்ளையைப் பிளஸ் டூவோடு நிறுத்துகிற வீடுகளில் இந்த வரியைத்தான் முதலில் படித்துக் காட்ட வேண்டும்.

பெண்கள் ஆண்களுக்குச் சிகிச்சை செய்ததும் பழைய செய்திதான். புகாரி எனும் நபிமொழித் தொகுப்பில், மருத்துவம் பற்றிய பகுதியில், 'ஆண் பெண்ணுக்கோ, பெண் ஆணுக்கோ சிகிச்சை செய்யலாமா?' என்று தலைப்பே கேள்வியாக இருக்கிறது. அதற்குக் கீழே ருபய்யிஉ பின்த் முஅவ்வித் என்ற பெண்மணியின் சொல்: நாங்கள் நபியோடு போருக்குப் போவோம், வீரர்களுக்குத் தண்ணீர் கொடுப்போம், காயம்பட்டவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்போம். அகழ்ப்போரில் அடிபட்ட சஅத் இப்னு முஆதைக் கவனித்ததும் ருஃபைதா என்ற பெண்மணிதான். நர்ஸ் ஊசி போடுவதற்குக் கூச்சப்படுகிற பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

மேலே சொன்ன வரிசை, தேடிப் பார்க்க நேரமும் வசதியும் இருக்கிறபோது பொருந்தும். நான்குவழிச் சாலையில் அடிபட்டு 108இல் வருகிறவருக்கும், நடு ராத்திரியில் பனிக்குடம் உடைந்து வருகிறவருக்கும் டியூட்டியில் யார் இருக்கிறாரோ அவர்தான் மருத்துவர்.