நின்றாலும் தெரியாத கருவிகள்

மேட்டூர், பெருந்துறைப் பக்கம் கெமிக்கல் பிளான்ட்களுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால், "இங்கே ரொம்ப முக்கியமான கருவி எதுங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பாய்லர், ரியாக்டர், கம்ப்ரசர் என்று பதில் வரும். இவை நின்றால் உற்பத்தி நிற்கும். அடுத்த நிமிடமே மெயின்டனன்ஸ் ஆட்கள் ஓடி வருவார்கள். சேஃப்டி வால்வு துருவேறி இறுகிப்போனால் யாரும் ஓடி வரமாட்டார்கள். கேஸ் டிடெக்டர் செத்துப்போனாலும் லோடு வழக்கம்போல லாரி ஏறும். விபத்து வரும் நாளில்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும். பாதுகாப்புக்கு உயிர்நாடியான கருவிகளில் பலவும் இந்த வகைதான்.

குளோரின் கையாளும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். குளோரின் காற்றைவிடச் சுமார் 2.5 மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். அதை இழுத்து காஸ்டிக் சோடா கரைசலில் கழுவத்தான் ஸ்க்ரப்பர். பாதுகாப்புக்கு முக்கியமான கருவிகளின் பட்டியலில் 'ஸ்க்ரப்பர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காஸ்டிக்கைச் சுற்றவிடும் பம்ப், வாயுவை இழுக்கும் ஃபேன், கரைசலின் செறிவு, கரண்ட் போனால் இவற்றை ஓட்டும் ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டரைக் கிளப்பும் பேட்டரி, எல்லாமே பட்டியலில் வரவேண்டும். பேட்டரியில் சார்ஜ் இல்லையென்றால், கரண்ட் போன ராத்திரியில் உங்களிடம் ஸ்க்ரப்பரே இல்லை.

போபாலில் 1984 டிசம்பரில் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு வெளியேறியபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் 2005 டிசம்பரில் பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து வெடித்தது. தொட்டியின் மட்டத்தைக் காட்டும் லெவல் கேஜ் சிக்கிக்கொண்டது. நிரப்புவதை நிறுத்தவேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. சோதனை லீவரைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் பூட்டு அதில் மாட்டப்படவே இல்லை. அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதற்காக பிளான்ட்டில் இருக்கும் எல்லாவற்றையும் பட்டியலில் போட்டு நிரப்பாதீர்கள். எல்லாமே முக்கியம் என்றால் எதையும் ஒழுங்காகச் சோதிக்க முடியாது. இது பழுதானால் பெரும் விபத்து வருமா, அல்லது வரும் விபத்தைத் தடுக்க முடியாமல் போகுமா? இந்தக் கேள்வியில் தேறுவது மட்டும் போதும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், சோதனைத் தேதி, கருவியைத் தற்காலிகமாக விலக்கிவைத்து பைபாஸ் செய்தால் எழுத்தில் அனுமதியும் காலக்கெடுவும்.

பட்டியல் போடும் மேசையில் நைட் ஷிப்ட் ஆபரேட்டரும் இருக்கட்டும். எந்த அலாரத்தைச் சத்தம் தாங்காமல் அமத்தி வைத்திருக்கிறார்கள், ஆபத்தென்றால் தானே நிறுத்தும் இன்டர்லாக்குகளில் எதை வயரைப் போட்டு ஏமாற்றி ஓட்டுகிறார்கள் என்று அவர்தான் சொல்லுவார்.