எதை ஊற்றினாலும் ஓடும் லாரி

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுத்து, பழுதுபார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பார்ப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களிடம் அதிகம் தென்படுவது எம்35. ரியோ கம்பெனி வடிவமைத்து 1950 வாக்கில் சேவைக்கு வந்த வண்டி. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று செல்லப்பெயர். சீட்டாட்டத்தில் டியூஸ் என்றால் இரண்டு. வெறும் வண்டியே கிட்டத்தட்ட ஆறு டன் எடை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிறகு வந்த எம்35ஏ2 வகையின் என்ஜினில்தான் சுவாரஸ்யம். ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் என்று எதை ஊற்றினாலும் ஓடும். போர்முனையில் டீசல் வந்து சேரும் என்று நம்பி உட்கார முடியாது, கையில் கிடைத்ததை ஊற்ற வேண்டும் என்ற கணக்கு.

டீசல் என்ஜினில் பெட்ரோல் ஊற்றினால் என்ன ஆகும் என்று வண்டிக்காரர் யாரைக் கேட்டாலும் தலையில் கை வைப்பார். காரணம் இது: டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல்தான் சட்டென்று பற்றும் என்று நாம் நினைக்கிறோம். தீப்பொறி இருந்தால் அது சரி. வெறும் சூட்டில் தானாகப் பற்றுவதில் டீசல்தான் முந்தும், பெட்ரோல் தயங்கும். அது தயங்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் மேலும் மேலும் பெட்ரோல் சேர்ந்து, கடைசியில் எல்லாம் ஒரே அடியாகப் பற்றும். அந்த அடியைத் தாங்குவது பிஸ்டன்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியில் இருந்த மொய்ரர் என்ற பொறியாளர். (ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகத் தயாரித்த சக்திமான் லாரியும் அதே எம்.ஏ.என். உரிமத்தில் வந்ததுதான்.) பிஸ்டனின் தலையில் உருண்டையாக ஒரு குழி வெட்டினார். எரிபொருளைக் காற்றின் நடுவே தூவாமல், பெரும்பகுதியை அந்தக் குழியின் சுவரில் மெல்லிய படலமாகப் படியவிட்டார். காற்றில் சிதறும் கொஞ்சம் மட்டும் முதலில் பற்றும். அப்புறம், கழுவிவிட்ட தரையை ஃபேன் காயவைப்பதுபோல, குழிக்குள் சுழலும் காற்று படலத்தை அடுக்கடுக்காக ஆவியாக்கி எடுத்துப் போகும், ஆவியானது ஆவியானபடி எரியும். எரியத் தயாராக இருப்பது எப்போதும் கொஞ்சம்தான் என்பதால் பெட்ரோல் கூடப் பெரிய அடியாக விழுவதில்லை. எம்35ஏ2 என்ஜினும் இதே முறையில் வேலை செய்கிறது. பெட்ரோலையும் பற்றவைக்கும் அளவு சூடு வேண்டுமே, அதற்காகக் காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக அழுத்துகிறது.

தொல்லை குளிர்காலத்தில். சுவர் சில்லென்று இருந்தால் படலம் எப்படி ஆவியாகும்? அதனால் உள்ளே போகும் காற்றையே சூடாக்க, அது வரும் குழாயில் சின்னதாக ஒரு தீ எரியவிடும் ஏற்பாடு உண்டு. முந்தைய வகைகள் கக்கிய கரும்புகையைக் குறைக்க, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வைத்தார்கள். ஒரு வகை டர்போ விசில் அடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே அந்த வகையைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

எரிபொருள் மாறினால் அதன் அடர்த்தியும் மாறும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு லிட்டர் டீசல் அளவு சக்தி இல்லை. எனவே எரிபொருள் நீர்த்திருந்தால் பம்ப் அதிகம் தள்ளும்படி திருத்த ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். டீசல் மட்டுமே ஊற்றும் பல சொந்தக்காரர்கள், கசிகிறது என்று அதைத் துண்டித்துவிடுகிறார்கள். பழைய என்ஜின் ஆயிலை வடிகட்டிக் கலந்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. எரிபொருள் பம்புக்குள் உரசும் பாகங்களுக்கு இடையே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிதான் இருக்கிறது.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக. அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். புதிதாக வாங்கியவர் செய்யும் தவறு, ஒரு பாட்டரியில் மட்டும் வயர் இழுத்துப் பாட்டுப் பெட்டி வைப்பது. அந்தப் பாட்டரி வடியும், மற்றது நிரம்பியிருக்கும். சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம் என்பதால் ஒன்று அரைவயிற்றில் கிடக்க, மற்றது கொதித்துக் கெடும்.

பல வண்டிகளில் முன்சக்கரங்களுக்குச் சக்தி போகும் வழியில் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பூட்டு இருக்கிறது. சாதாரணமாக முன்சக்கரத் தண்டு கொஞ்சம் முந்திச் சுற்றும், பூட்டு பிடிக்காது. சேற்றில் பின்சக்கரங்கள் வழுக்கி வேகம் எடுத்தால் தானே பிடித்துக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் முன்னால் பெரிய புது டயரும் பின்னால் தேய்ந்ததும் போட்டால் முன்சக்கரம் மெதுவாகச் சுற்றி, தார்ச்சாலையிலும் பூட்டு பிடிக்கப் பார்க்கும். பின்னால் இரட்டை இரட்டையாக இருப்பதையும் சேர்த்துப் பத்து டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும், கஞ்சத்தனம் செல்லாது.

பயப்பட வேண்டியது பிரேக்குக்கு. மிதிப்பது திரவத்தை அழுத்தும், அழுத்தப்பட்ட காற்று அந்த விசையைப் பெருக்கித் தரும். ஆனால் எம்35ஏ2-வில் ஆறு சக்கர நிலைகளுக்கும் ஒரே திரவச் சுற்று. எங்கோ ஒரு ரப்பர் வளையம் காய்ந்து கசிந்தாலும் ஆறும் போச்சு. ராணுவம் பிற்பாடு சிலிக்கோன் திரவத்துக்கு மாறியது. அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சாது, வருடக்கணக்கில் நிறுத்திவைத்தாலும் கெடாது. எப்படியோ உள்ளே புகுந்த தண்ணீரோ அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி இரும்பைத் தின்னும். தாழ்ந்த இடம் என்றால் பெரும்பாலும் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டர்தான். அதனால் விவரமான சொந்தக்காரர் சாவியைத் தேடுவதில்லை (இந்த லாரிக்குச் சாவியே கிடையாது, ஒரு திருகுப்பிடிதான்). முதலில் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்.