குரல் இனிமையாக இருந்தால் மட்டும் போதாது

குமுளி மலைப்பகுதியில் ஆம்புலன்ஸ்களுக்கும் மீட்புக் குழுக்களுக்கும் வயர்லெஸ் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். கட்டுப்பாட்டு அறையில் பணியாளருக்குப் பதிலாக இயந்திரக் குரல் வயர்லெஸில் படித்த முகவரியைத் தவறாகக் கேட்டு ஒரு வண்டி வேறிடத்துக்குப் போவது இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது முறை என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் 26ஆம் எண் வீட்டில் மூச்சுத்திணறலோடு கிடந்த பெரியவரைத் தேடி, ஓட்டுநர் 66ஆம் எண் வீடு இருக்கும் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறார். பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்றாலும் இருபது நிமிடம் வீணாயிற்று.

பதிவைப் போட்டுக் கேட்டேன். அறிவிப்பு எடுத்த எடுப்பில் வீட்டு எண்ணில் தொடங்குகிறது. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும், மலைமேல் உள்ள ரிப்பீட்டர் திறந்துகொள்வதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. 'இருபத்தாறு', 'அறுபத்தாறு' இரண்டிலும் முதல் எழுத்தை எடுத்துவிட்டால், இரைச்சலில் காதில் விழுவது ஒன்றேதான். மலையாளத்தில் படித்திருந்தாலும் இதே கதிதான். அங்கும் 'இருபது', 'அறுபது' என்றுதான் சொல்கிறார்கள். பழகிய பணியாளர் பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு பொறுத்துத்தான் பேசுவார். இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தகைய கருவியை வாங்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையிலும் நான் கேட்கும் பாராட்டு, 'மனிதர் பேசுவது போலவே இருக்கிறது' என்பதுதான். ஐயா, அதை நீங்கள் ஏசி அறையில், நல்ல ஸ்பீக்கரில், அமைதியாக உட்கார்ந்து கேட்கிறீர்கள். வயர்லெஸ் கடத்துவது ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே. உங்களை மயக்கிய இனிமையில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வண்டிக்குப் போய்ச் சேராது. ஓட்டுநரோ டீசல் என்ஜினுக்கும் வைப்பருக்கும் கூரையில் விழும் மழைக்கும் நடுவே கேட்கிறார். இயல்பாகப் பேசுவதாகச் சொல்லின் கடைசியை விழுங்கும் குரல் அவருக்குத் தீங்குதான் செய்யும். தட்டையாக இருந்தாலும் ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்திச் சொல்லும் குரலே வேண்டும். ஆண் குரலா, பெண் குரலா என்று ஒரு மணி நேரம் விவாதிப்பதை இனியாவது விடுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி முகவரிகள் ஐம்பதை எடுத்து, ஓடும் வண்டியில் வயர்லெஸ் வழியாக ஒலிக்கச் செய்து, ஓட்டுநர்களையே எழுதச் சொல்லுங்கள். அறிவிப்புக்கு முன் ஒரு மணியோசை வரட்டும். எண்ணை முதலில் வைக்காதீர்கள். 'எண் இருபத்தாறு, இரண்டு, ஆறு' என்று இரு விதமாகவும் சொல்லவையுங்கள். 'எண்' என்ற சொல்லை விட்டுவிட்டால் பெரியாற்றங்கரை முகவரியில் 'ஆறு' எது என்ற குழப்பம் வரும். தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர், நீலகிரியிலும் ஒரு கூடலூர், இரண்டும் கேரள எல்லையருகே இருப்பதால் மாவட்டப் பெயரைச் சேர்க்காமல் ஊர்ப்பெயரைப் படிக்கவே விடாதீர்கள்.

கருவி வந்துவிட்டது என்பதற்காக மேசையில் இருக்கும் மைக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். ஓட்டுநர் 'மறுபடி சொல்லுங்கள்' என்றால், இயந்திரம் அதே குரலில் அதே வேகத்தில்தான் மறுபடி சொல்லும். பணியாளரோ, 'கீழ் டிவிஷன், பலாமரத்துக்குப் பக்கத்து வீடு' என்று சொல்லிவிடுவார்.