ஆமை முதுகில் ஒட்டிய கருவி ஏன் திடீரென நின்றுபோகிறது?

தை பிறந்தால் சென்னைக் கடற்கரையிலிருந்து இரண்டு செய்திகள் வரும். நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன என்பது ஒன்று. செத்த ஆமைகள் ஒதுங்குகின்றன என்பது இன்னொன்று. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடலுக்குள் அவை எங்கே போகின்றன என்று அறிய, ஓட்டின் மேல் செயற்கைக்கோள் கருவி ஒட்டுவது ஒரு வழி. சிக்கல் என்னவென்றால், அந்தக் கருவி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். போனது ஆமையின் உயிரா, பேட்டரியின் உயிரா? ஒடிசாவில் 2001இல் நான்கு ஆமைகளுக்குக் கருவி ஒட்டினார்கள். ஒன்று இலங்கை வரை போனது. சில மாதங்களுக்குள் நான்கு கருவிகளும் ஓய்ந்துவிட்டன. கருவிக் கோளாறா, மீன்பிடிப் படகுகளின் இழுவலையில் சிக்கி ஆமைகள் செத்தனவா என்று கடைசிவரை உறுதியாகவில்லை.

ஆமை மூச்சுவிட மேலே வரும்போது கருவி சுமார் 401 மெகாஹெர்ட்ஸில் ஒரு நொடிக்கும் குறைவான செய்தியை அனுப்பும். ஏறத்தாழ 650 முதல் 850 கி.மீ. உயரத்தில் துருவங்களைச் சுற்றும், இத்தகைய கருவிகளைப் பின்தொடர உதவும் ஆர்கோஸ் வகைச் செயற்கைக்கோள்கள் அதைப் பிடிக்கும். நிற்காமல் போகும் மின்சார ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குமே, அதேபோல செயற்கைக்கோள் கடக்கையில் அலையின் அதிர்வெண் மாறும். அதை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரே கடப்பில் நாலு செய்தியாவது கிடைத்தால் கணக்கு நன்றாக வரும்.

தண்ணீருக்குள்ளிருந்து அனுப்பினால் கடல்நீர் அலையை விழுங்கிவிடும், பேட்டரிதான் வீண். அதற்காகக் கருவியின் மேல் இரண்டு உலோக முனைகள். உப்புநீர் இரண்டையும் இணைத்தால் மின்சாரம் பாயும்: ஆமை முங்கியிருக்கிறது, அனுப்பாதே. இணைப்பு அறுந்தால் அனுப்பு. கொட்டலசும் (ஒட்டிக்கொண்டு வளரும் சிறு கடலுயிர்) பாசியும் பிடிக்காமலிருக்கக் கருவிக்குச் செம்பு கலந்த பெயின்ட் அடிப்பார்கள். இந்த முனைகளில் மட்டும் அது படவே கூடாது.

பேட்டரியின் ஆயுள் நாட்களில் அல்ல, செய்திகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒரு கணக்குக்கு, பேட்டரி 40,000 செய்திகளுக்குத் தாங்கும், நாளுக்கு 250 போகிறது என்றால் 160 நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அனுப்பினால் 320. இங்கே ஒரு வேடிக்கை: லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, தீரும் நேரத்தில்தான் சட்டென்று சரியும். அதனால் வோல்ட்டை மட்டும் நம்ப முடியாது. இதுவரை எத்தனை செய்தி போனது, முனைகள் ஈரமா காய்ந்தா, வெப்பநிலை என்ன என்பதையும் கருவி அவ்வப்போது சேர்த்து அனுப்பும்.

கடைசி வாரச் செய்திகளைப் படித்தால் பாதி விடை அதிலேயே கிடைக்கும். எண்ணிக்கை வரம்பை நெருங்கி வோல்ட்டும் விழுந்தால் பேட்டரி. செய்திகள் வரவரக் குறைந்து, எந்நேரமும் ஈரம் என்றே காட்டினால் முனைகளில் ஏதோ படிந்திருக்கிறது. ஆன்டெனா சேதமானால் சிக்னல் பலவீனமாகும். திடீரென்று இடைவிடாமல் 'காய்ந்தது' என்று வந்து, இடமும் துல்லியமாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். கருவி கழன்று மிதக்கலாம், ஆமை செத்து ஊதி மேலே வந்திருக்கலாம். பகலில் கொதித்து இரவில் ஆறும் வெப்பநிலையும் சேர்ந்தால், மணலில் கிடக்கிறது என்று பொருள்.

மிகவும் கடினமானது வலையில் மூச்சுமுட்டிச் செத்து மூழ்கிய ஆமை. நல்ல வோல்ட், சுத்தமான முனைகள், அப்புறம் ஒன்றுமில்லை. ஆன்டெனா ஒரே அடியில் முறிந்தாலும் இப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் அன்றைக்கு இழுவலைப் படகுகள் இருந்தனவா என்று பார்த்தால்தான் சந்தேகத்துக்கு வலு.

சென்னையில் ஒட்டும் கருவிக்கு என் யோசனை இதுதான்: ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை தினமும் அனுப்பட்டும், ஆபத்து அதிகம் அப்போதுதான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.