பிசுக்கு போகட்டும், பூச்சு இருக்கட்டும்

பழைய மரக் கருவிப்பெட்டி ஒன்றின் மூடியில் கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். விரல் லேசாக ஒட்டிக்கொண்டு, மெல்லிய ஓசையோடு விடுபடும். கைப்பிடியைச் சுற்றி நிறம் அநேகமாகக் கறுப்பாகவே இருக்கும். மூலைகளுக்குப் போகப் போக அது பழுப்பாக வெளிறும். பெட்டியை யார் எப்படித் தூக்கினார், எந்தக் கையால் திறந்தார் என்பதெல்லாம் அந்தக் கறுப்பில் பதிந்திருக்கிறது.

இந்தப் பிசுக்கு ஒரே பொருள் அல்ல. கைத்தோலில் சுரக்கும் எண்ணெய், கருவிகளுக்குப் போட்ட இயந்திர எண்ணெய், புகைக்கரி, மரத்தூள், அரம் உதிர்த்த இரும்புப் பொடி, எப்போதோ பூசிய மெழுகு எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். கைத்தோல் எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன், கொழுப்பு அமிலங்கள் போன்றவை காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பசையாகும். அந்தப் பசையில் தூசி வந்து ஒட்டும். தூசி எண்ணெயை உறிஞ்சிக் கெட்டியாகும். பல ஆண்டுகள் இப்படியே போனால் ஒரு தோல் போல அது படிந்துவிடும்.

அந்தத் தோலுக்குக் கீழே இருப்பது பூச்சு, அதற்கும் கீழே மரம். வேதியியல் நோக்கில் இந்த மூன்றும் வேறு வேறு. மேலே உள்ளதைக் கரைத்து, நடுவில் உள்ளதைத் தொடாமல் விடும் திரவத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையின் முக்கால் பங்கு. தேய்ப்பது மீதிக் கால் பங்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால் பிசுக்கு போகும், கூடவே பூச்சும் போகும். போன பூச்சு திரும்பாது.

இனம் இனத்தோடு சேரும் என்பது கரைப்பான்களுக்கும் பொருந்தும். எண்ணெய், மெழுகு போன்றவை டர்பன்டைன், மினரல் ஸ்பிரிட் போன்ற ஹைட்ரோகார்பன் திரவங்களில் கரையும். அரக்குப் பூச்சு, அதாவது ஷெல்லாக், அவற்றில் கரையாது. அதைக் கரைப்பது ஆல்கஹால். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் பூச்சைத் தின்னரும் அசிட்டோனும் கரைக்கும். ஆளிவிதை எண்ணெயில் செய்த வார்னிஷின் கதை வேறு. அது காயும்போது நீர் வற்றுவது போல வற்றுவதில்லை. ஆக்சிஜனை உள்ளிழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுகின்றன. அந்த வலையைச் சாதாரணக் கரைப்பான்களால் எளிதில் பிரிக்க முடியாது. அதனால்தான் டர்பன்டைன் பிசுக்கை எடுத்தாலும் முற்றிய வார்னிஷைப் பொதுவாக விட்டுவிடுகிறது.

இங்கே பெயர் ஒன்று பெரிய ஆபத்து. மினரல் ஸ்பிரிட்டும் ஸ்பிரிட் அடுப்பில் எரியும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் பெயரில் உறவு, குணத்தில் அந்நியர். முன்னது ஹைட்ரோகார்பன், பின்னது ஆல்கஹால். நான் முதலில் துடைத்த பெட்டியின் மூடியில் இரண்டாவதை வைத்துவிட்டேன். துணியில் தேன் நிறம் ஏறியதைப் பார்த்து அழுக்குதான் வருகிறது என்று மகிழ்ந்து மேலும் தேய்த்தேன். வந்தது அரக்கு. உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளிறிப்போனது. இன்றும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது கண் அங்கேதான் போகிறது.

ஆகவே முதல் வேலை சோதனை. பெட்டியின் அடியிலோ மூடியின் உள்விளிம்பிலோ, பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு சிறு இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் சாம்பலோ கறுப்போ ஏறினால் அது பிசுக்கு. தேன் நிறமும் ஆரஞ்சும் ஏறி, பரப்பு விரலில் பிசுபிசுத்தால் பூச்சு இளகுகிறது. உடனே நிறுத்த வேண்டும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்.

சோதனையிலும் சரி, துடைப்பதிலும் சரி, மென்மையானதில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் நீரில் காரத்தன்மை இல்லாத திரவ சோப்பு சில துளிகள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை நீரைப் பற்றும். இப்படி எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து நீரோடு கொண்டுபோய்விடும். காரம் மிகுந்த சோப்பும் அம்மோனியாவும் வேண்டாம். அரக்கில் அமிலத் தன்மை உண்டு. காரம் பட்டால் அது நீரில் கரையும் உப்பாக மாறிவிடும். சூடான நீரும் வேண்டாம், ஏறக்குறைய 75 டிகிரி செல்சியஸிலேயே அரக்கு உருகத் தொடங்கிவிடும். துணி ஈரமாக இருந்தால் போதும், நீர் சொட்டக் கூடாது. நீர் தேங்கினால் பூச்சுக்குள் புகுந்து நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்கும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளைப் படலம் தெரியும்.

அருங்காட்சியகங்களில் ஓவியங்களையும் சிற்பங்களையும் பராமரிப்பவர்கள் நெடுங்காலமாக இன்னொரு திரவத்தையும் பயன்படுத்துகிறார்கள். அது உமிழ்நீர். நடுநிலையை ஒட்டிய தன்மையும் அமைலேஸ் என்ற நொதியும் அதன் பலம். போர்ச்சுகலைச் சேர்ந்த பவுலா ரொமாவோ, அடீலியா அலர்காவோ, சேசர் வியானா ஆகியோர் இதை முறைப்படி ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டார்கள். 2018-ல் அவர்களுக்கு வேதியியலுக்கான இக் நோபல் பரிசு, அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு, கிடைத்தது. குச்சியின் பஞ்சை நாவில் நனைத்து, ஒரு முறை துடைத்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும்.

நீரில் போகாத எண்ணெய்க்கும் மெழுகுக்கும்தான் மினரல் ஸ்பிரிட். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். துணியின் சுத்தமான பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியில் விரித்துக் காயவிடுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் பூச நினைத்தால் இது இன்னும் முக்கியம். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருண்ட துணிக்குள் வெப்பம் தேங்கினால் துணி தானாகவே தீப்பற்றும்.

சில கறுப்பு எதற்கும் அசையாது. திருகாணிகளையும் கீல்களையும் சுற்றி வளையமாக இருந்தால் அது பிசுக்கு அல்ல. ஓக் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. ஈரம் பட்ட இரும்பு அதோடு சேர்ந்தால் கருநீலச் சேர்மம் உண்டாகும். டானின் நிறைந்த மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த பழைய எழுத்து மையும் இதே வேதியியல்தான். அந்த மை மரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆக்சாலிக் அமிலம் அதை வெளுக்கும். ஆனால் அமிலம் மரத்தை எட்ட வேண்டுமென்றால் பூச்சை எடுத்தாக வேண்டும். அதனால் நான் அந்த வளையங்களை விட்டுவிடுகிறேன். ஓக்கில் ஈரத்தோடு எஃகுக் கம்பளியைத் தேய்ப்பதும் இதே காரணத்தால் தவறு. உதிர்ந்த ஒவ்வொரு துகளும் பின்னாளில் கரும்புள்ளியாகும்.

கடைசியாகக் கைப்பிடியைச் சுற்றிய இடம். இங்கே தோல் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பல ஆண்டுகளாகப் பூச்சுக்குள் ஊறி அதையே மிருதுவாக்கியிருக்கும். பிசுக்கும் பூச்சும் ஒன்றாகக் கலந்துபோன இடம் இது. இங்கே ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் கரைக்கும் திரவம் இல்லை. மேலே ஒட்டும் பசை போனதும், விரல் நழுவத் தொடங்கியதும், குச்சியைக் கீழே வைத்துவிட்டு மெழுகை மெல்லியதாகப் பூசித் துடையுங்கள்.