கிடை நாய்க்குப் போடாத ஊசி

மானூர், கங்கைகொண்டான் பக்கத்து ஆட்டுக்காரர்கள் நாயைக் கொண்டுவந்தால் கேட்பது வெறிநோய் ஊசி ஒன்றுதான். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கும் ஊசி போட்டுவிடலாமா என்றால், “அது மனுசனுக்கு வராதுல்லா டாக்டரே, எதுக்குச் செலவு?” என்பார்கள். மனிதருக்கு வராது, சரி. ராத்திரி கிடையைச் சுற்றி வரும் குள்ளநரிக்கு நாயிடமிருந்து வருமே!

காட்டுப் பிராணிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. கருங்கால் ஃபெரட் என்று கீரி அளவில் ஒரு வேட்டைப் பிராணி அமெரிக்காவில் உண்டு. அழிந்தே போனதாக நினைத்திருந்தார்கள். 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டதும்தான், ஒரு கூட்டம் மிஞ்சியிருப்பது தெரிந்தது. சில வருடங்களிலேயே டிஸ்டெம்பரும் பிளேக்கும் அதையும் வாரிக்கொண்டு போயின. 1987க்குள் மிச்சமிருந்த 18ஐப் பிடித்துப் பெருக்கி, 1991 முதல் புல்வெளிகளில் விட்டுவருகிறார்கள். மொன்டானாவின் ஃபோர்ட் பெல்க்நாப் பழங்குடியினர் 1997இல் தங்கள் நிலத்தில் விட்டார்கள். ஃபெரட்டின் இரை, வளையில் வாழும் பிரெய்ரி நாய் என்ற அணில் இனம். அதைப் பிளேக் அழித்தது, ஃபெரட்டும் நிலைக்கவில்லை. 2013இல் மறுபடி விட வேண்டியதாயிற்று. பிளேக்கைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி என்பதால், இப்போது பல இடங்களில் வளை வளையாக அதற்கு மருந்து தூவுகிறார்கள். பிராணியைக் கூண்டிலிருந்து திறந்துவிடும் படம்தான் செய்தியில் வரும். மருந்து தூவுகிறவரை யார் படம் பிடிப்பார்கள்?

“நரிக்கே ஊசி போட்டுவிட்டால் என்ன?” என்று வனத்துறை நண்பர் ஒருவர் கேட்டார். 1970களில் பிடித்துவைத்த ஃபெரட்டுகளுக்கு, வீரியம் குறைத்த உயிர் வைரஸ் தடுப்பூசியைப் போட்டார்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத வகை அது. நான்கு ஃபெரட்டுகள் அந்த ஊசியாலேயே டிஸ்டெம்பர் வந்து செத்தன. ஃபெரட்டுக்கு ஒத்துவரும் ஊசி பிறகுதான் வந்தது. காட்டு விலங்கில் விளையாட முடியாது; ஊர் நாய்க்குப் போடுவதுதான் நம் கையில் இருக்கிறது.

2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் இந்த வைரஸ் அகப்பட்டது. புலிக்கும் சிறுத்தைக்கும்கூட வரும் என்பதால், முண்டந்துறையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. அப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. அடுத்த வருடம் ஒன்று. அதன்பின் எப்போது என்று மருத்துவர் சொல்வார். கண்ணிலும் மூக்கிலும் சளி வழிந்து, இருமி, பிறகு தலையோ காலோ வெட்டி வெட்டி இழுத்தால், அந்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், கிடைக்கு விடாதீர்கள். செத்துப்போனால் குளத்துக்குள் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.