கிலோ 500 டாலர் மீன்

ராமேசுவரம் ஏலக்கூடத்தில் மீனுக்கு விலை எடையை வைத்துத்தான். அலங்கார மீனுக்கு அந்தக் கணக்கே வேறு. 2000-ஆம் ஆண்டில் மாலத்தீவின் அலங்கார மீன் கிலோவுக்கு ஏறக்குறைய 500 டாலர். சாப்பாட்டுக்குப் பிடித்த பவளப்பாறை மீனுக்கோ 6 டாலர்தான் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2003 அறிக்கை. இப்படியொரு விலை இருந்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

சென்னை கொளத்தூரில் விற்கும் கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்கள் எல்லாம் பெரும்பாலும் தொட்டியிலும் குளத்திலும் வளர்த்தவை. கடல் அலங்கார மீன் அப்படியில்லை. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி இன்றும் பாறையிலிருந்து பிடித்ததுதான்.

கோமாளி மீனை எடுத்துக்கொள்வோம். கடற்சாமந்தி என்பது பாறையில் ஒட்டி வாழும், பூப்போன்ற ஒரு கடல் உயிரினம். அதில் நாலைந்து மீன்கள் குடியிருக்கும். அவற்றில் பெரியது பெண், அடுத்தது ஆண். மற்றவை முட்டை போடும் வேலையில் சேராத சிறிசுகள். பெண்ணைப் பிடித்துவிட்டால் ஆண் மெதுவாகப் பெண்ணாக மாறும். சிறிசுகளில் பெரியது ஆண் ஆகும். அதுவரை அங்கே முட்டை கிடையாது. வாங்குபவர் ஜோடியாகக் கேட்டாலோ முட்டை போடும் இரண்டுமே போய்விடும். சிலர் சாமந்தியையும் பெயர்த்து எடுக்கிறார்கள். அது பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. போனால் சட்டென்று இன்னொன்று முளைத்துவிடாது.

பிடித்த பிறகு பை. கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன், இறுக்கமாக ரப்பர் பேண்ட். அனுப்புவதற்கு முன் மீனைப் பட்டினி போடுவார்கள், கழிவு குறையட்டும் என்று. அப்படியும் அம்மோனியா சேரத்தான் செய்யும். மீன் விடும் கரியமில வாயு தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்குவதால் அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அம்மோனியம் மறுபடி அம்மோனியா ஆகும். வழியெல்லாம் தாக்குப்பிடித்த மீன் வீட்டுக்கு வந்த பிறகு சாவதற்கு இதுவும் ஒரு காரணம். பழி என்னவோ வாங்கியவரின் தொட்டிக்குத்தான்!

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடல்குதிரை, பவளம் இரண்டையும் தொடவே சட்டம் விடாது. ஆனால் தடை மட்டும் போட்டால் கரையில் இருப்பவருக்கு என்ன வருமானம்?

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிற முட்டைகளுக்கு அப்பன் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் போல ஆனதும், முட்டைக்குள் கண்கள் வெள்ளியாய் மினுங்க, இருட்டிய பிறகு பொரியும். குஞ்சின் வாய் அவ்வளவு சிறியது. முதல் நாட்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத்தான் தின்னும். அந்த ரோட்டிஃபருக்குத் தீனியாக நுண்பாசி வளர்க்க வேண்டும். கஷ்டமான கட்டம் இதுதான். அதைத் தாண்டிய குஞ்சை விற்கும் அளவுக்கு வளர்க்க இன்னும் சில மாதங்கள் போதும்.

எனக்கு ஒரு கவலை உண்டு. செயற்கைக் கடல்நீர் கலந்து இதை எந்த ஊரிலும் செய்யலாம். பொரிப்பகம் பெருநகரத்துக்குப் போய்விட்டால் பாறை தப்பிக்கும், காசு இந்தக் கரைக்கு வராது. குஞ்சு பொரிப்பதை நிலையம் பார்த்துக்கொண்டு, வளர்க்கும் பாதியையாவது மண்டபம், பாம்பன் குடும்பங்களிடம் விடலாம். கடல்நீர் அவர்கள் வாசலிலேயே இருக்கிறது.